ஆத்தங்குடிக் கல்லில் சீன எழுத்து: கல்லுக்கு முழு மதிப்பெண், எழுத்துக்கு?

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்று 'எழுத்து டைல்ஸ்' என்று ஒரு சரக்குப் போடுகிறது. நடுவில் ஒரு சீன எழுத்தோ பர்மிய எழுத்தோ இருக்கும், சுற்றிலும் நம் வழக்கமான பூக்கரை. வளவை, அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டை, விடுதியாக மாற்றியவர்களுக்கும், புது வீட்டில் பழைய வாசனை வேண்டுமென்பவர்களுக்கும் குறிவைத்த சரக்கு. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த குடும்பங்களின் ஊரில் இதற்கு ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. எட்டங்குலக் கல்லில் நான்கு வடிவங்களை வாங்கிப் பார்த்தோம். பட்டறையின் பெயர் வேண்டாம். கோளாறு ஆளுடையதல்ல, முறையுடையது. வேறு பட்டறையில் கொடுத்தாலும் இதே இடங்களில்தான் இடிக்கும்.

முதலில் கல். அதில் குறை சொல்ல இடமில்லை. முக்கால் அங்குலக் கனம், நான்கு மூலையும் சரியான செங்கோணம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துக் கல் அடுக்கினாலும் விளிம்பு நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. ஆக்சைடு நிறம் திட்டுத்திட்டாக இல்லை. சிவப்பும் பச்சையும் அடர்த்தியாக விழுந்திருக்கின்றன, வெள்ளைக்கு வெள்ளை சிமெண்டே போட்டிருக்கிறார்கள். விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்கிறது. 'தொப்' என்று ஒலித்தால் பின்கலவை சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம்; அப்படி ஒன்றுகூட இல்லை.

இனி எழுத்து. நான்கில் ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றும் பட்டறையின் கவனத்தால் தேறவில்லை, எழுத்தின் அமைப்பு அப்படி என்பதால் தப்பியது.

காரணம் செய்முறையில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைக் குப்புறத்தான் வார்க்கிறார்கள். கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் தகட்டை வளைத்துப் பற்றவைத்த அச்சு. அச்சின் அறை அறையாகக் கரண்டியால் நிறக்கலவையை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கிவிட்டு, ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே பின்கலவையைப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். ஊற்றுகிறவர் மேலிருந்து பார்க்கும் உருவம் ஒன்று, கல்லைத் திருப்பியதும் வரும் உருவம் அதன் இடவலம் மாறிய வடிவம். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பி வெட்டுவது எதற்கோ, அதே கணக்குத்தான் இங்கும். ஆனால் பூவுக்கு இடமும் வலமும் ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பூவே வார்த்த கைக்கு அச்சைத் திருப்ப வேண்டிய அவசியமே வந்ததில்லை. இதே அச்சில் 'ம' என்று தமிழ் எழுத்தை வார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிய நிமிஷமே பட்டறையில் சிரித்திருப்பார்கள். சீன எழுத்தைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஆளில்லை.

அதிகம் விற்கும் வடிவம் 'ஃபூ'. நற்பேறு என்று பொருள், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவது. இடது பாதியில் தெய்வ வழிபாட்டைக் குறிக்கும் துண்டு. வலது பாதியில் மேலே ஒரு கோடு, அதன் கீழ் ஒரு கட்டம், அதன் கீழ் சிலுவை போட்ட இன்னொரு கட்டம். கட்டம் தனியே நின்றால் 'வாய்', சிலுவைக் கட்டம் தனியே நின்றால் 'வயல்'. வயலும் வாயும்தான் நற்பேறு என்று நம்மூர்ச் சம்சாரிகூட ஒத்துக்கொள்வார். நமக்கு வந்த கல்லில் வயலும் வாயும் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே பட்டறையில் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "சீனாக்காரங்களே இதைத் தலைகீழாத்தான் ஒட்டுறாங்க." பாதி உண்மை. 'தலைகீழ்' என்ற சொல்லும் 'வந்துவிட்டது' என்ற சொல்லும் சீனத்தில் ஒரே ஒலி, 'தாவ்'. அதனால் ஃபூவைக் கவிழ்த்து ஒட்டினால் நற்பேறு வந்தாயிற்று என்று ஒரு சிலேடை. ஆனால் கவிழ்ப்பது வேறு, இடவலம் மாற்றுவது வேறு. கவிழ்த்த எழுத்தைத் தலையைச் சாய்த்தால் படிக்கலாம். இடவலம் மாறியதை எப்படிச் சாய்த்தாலும் படிக்க முடியாது.

இதே எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இடப்பக்கத் துண்டுக்கு நான்கு கோடு. ஒரு புள்ளி கூடினால் ஐந்தாகி, அது துணியைக் குறிக்கும் வேறு துண்டு ஆகிவிடும், எழுத்து பிழையாகிவிடும். சீனப் பிள்ளைகள் எழுதப் பழகும்போது செய்கிற பேர்போன தவறு இது. நம் மாதிரிகளில் ஒன்றில் அதே இடத்தில் கரண்டியிலிருந்து சொட்டிய சிவப்புப் பொட்டு ஒன்று நிற்கிறது. பூக்கல்லில் இப்படிப் பொட்டு விழுந்தால் இரண்டாந்தரம் என்று விலை குறைப்பார்கள். எழுத்துக் கல்லில் அது தரத்தைக் குறைப்பதோடு நில்லாமல் எழுத்தையே கெடுக்கிறது.

கோட்டின் கனத்தையும் பார்த்தோம். ஃபூவுக்கு மொத்தம் 13 கோடு. வலது பாதியில் மேலிருந்து கீழாக எண்ணினால் ஆறு கிடைக்கோடு, இடையில் ஐந்து சந்து, ஆக 11 பட்டை. எட்டங்குலக் கல்லில் இரண்டு பக்கமும் ஓரங்குலம் கரைக்குப் போனால் எழுத்துக்கு ஆறங்குலம். பட்டைக்கு அரையங்குலம் கிடைக்கும். இது தாங்கும். பட்டறையோ பூக்கரையை அகலமாக்கி எழுத்தை நாலங்குலத்துக்குள் சுருக்கிவிட்டது. பட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலம்தான். அச்சைத் தூக்கும்போது நிறம் சற்று இளகிப் பக்கத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்துக்கு இந்தச் சந்து போதாது. வயலுக்குள் இருக்கும் சிலுவை கரைந்து சிவப்புக் கட்டியாக நிற்கிறது. எழுத்து வேண்டுமென்றால் கரையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்தங்குலக் கல்லுக்குப் போங்கள்.

தேறிய அந்த ஒன்று இரட்டை மகிழ்ச்சிக் குறி. 'மகிழ்ச்சி' என்ற ஒரே எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது. ஒவ்வொரு பாதியும் இடவலம் ஒத்தது, சேர்ந்தாலும் ஒத்தது. கண்ணாடித் திருப்பம் இதை ஒன்றும் செய்யாது. ஒரே நிபந்தனை, கோடுகளைச் சம கனப் பட்டையாகப் போட வேண்டும். தூரிகையில் எழுதிய வடிவத்தை அப்படியே அச்சாக்கினால் கோட்டின் தலைப்பும் வாலும் காட்டிக்கொடுத்துவிடும். இது கல்யாணக் குறி என்பதையும் நினைவில் வையுங்கள். கிண்ணத்திலும் சாப்பாட்டுக் குச்சி உறையிலும்கூடப் போடுகிறார்கள், தப்பில்லை. ஆனாலும் விடுதியின் குளியலறைச் சுவரில் வரிசையாகப் பதிப்பது, அங்கே வாழைமரம் கட்டித் தோரணம் தொங்கவிட்டது போலத்தான்.

மூன்றாவது 'ஷோ', நீடூழி வாழ்வு. வட்டமாகச் சுருட்டி எழுதும் வடிவம் ஆத்தங்குடி வட்டப் பூவுக்கு நடுவில் அழகாகப் பொருந்தும். பெரியவர்களின் பிறந்தநாளுக்குரியது. அறுபது, எண்பது சாந்தி நடக்கும் வீட்டில் கைகழுவும் இடத்துச் சுவரில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இறந்தவருக்கு உடுத்தும் ஆடைக்கும் சீனத்தில் இதே சொல்தான், அந்தத் துணியிலும் இதே குறி வரும். ஆகவே படுக்கையறைத் தலைமாட்டில் வேண்டாம். பட்டறையின் படத்தொகுப்பு அதைத்தான் படுக்கையறைக்குப் பரிந்துரைக்கிறது.

வாங்காமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். படத்தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் பார்க்க மிக எடுப்பான ஓர் எழுத்து இருக்கிறது. மேலே இரண்டு கொம்பு, நடுவில் குடுவை, அடியில் காலை விரித்து நிற்கும் ஆள் மாதிரி. இடவலமும் ஏறக்குறைய ஒத்துப்போகும், அச்சுக்கு வசதி. 'தியன்' என்று பெயர். சீனத்தில் துக்க வீட்டு மலர் வளையத்தின் நடுவில் பெரிதாக எழுதுகிற எழுத்து அது. முகப்புக்கு எட்டுக் கல் வாங்கினால் ஒன்று இலவசமாம்.

பர்மிய எழுத்துக் கல்லின் கோளாறு வேறு விதம். பர்மிய எழுத்து வட்டம் வட்டமாக இருக்கும்; ஓலையில் எழுதி வளர்ந்த எழுத்து, நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அந்த வட்டத்தின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே திறந்தால் 'க', மேலே திறந்தால் 'ப', வலப்பக்கம் திறந்தால் 'ங', மூடியிருந்தால் 'வ'. மூடிய வட்டம் பூஜ்ஜியமாகவும் நிற்கும். நம் கொத்தனார் பூக்கல்லைப் பதிக்கும்போது நாலு கல்லை நாலு திசையில் திருப்பி ஒரு முழுப் பூ வரவழைப்பார். அதே பழக்கத்தில் இதைப் பதித்தால் ஒரே கல் க, ங, ப என்று சுவரெல்லாம் உருளும். கல்லின் முதுகில் மேல்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் போதும். பின்கலவை ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறுவது இரண்டு நொடி வேலை. பட்டறை போடவில்லை.

மூன்று கல் நீளத்துக்கு வரும் 'மிங்கலாபா' வணக்கப் பட்டைக்கு இன்னும் ஒரு சங்கடம். அந்தச் சொல்லில் 'ங்' தனியாக நிற்காது, 'க'வின் தலைமேல் குட்டியாக ஏறி உட்காரும். நம் மாதிரியில் அந்தக் குட்டி கரையின் பச்சைக்குள் கரைந்துபோய் 'மகலாபா' என்று நிற்கிறது.

எழுத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், டி.டி.பி. கடையில் அடித்து வாங்குகிறோம் என்கிறார்கள். இங்கேதான் பெரும்பாலான எழுத்துகள் கல்லுக்கு வருமுன்னே செத்துப்போகின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடித்த எல்லாருக்கும் இது தெரியும். பர்மியத்துக்கும் இப்படி ஒரு பழைய எழுத்துரு உண்டு, 'ஸவ்ஜி'. மியன்மார் 2019 அக்டோபர் 1 முதல் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனால் இணையத்தில் பழைய ஸவ்ஜி எழுத்து இன்னும் கிடக்கிறது. அதை எடுத்து யூனிகோடு எழுத்துருவில் ஒட்டினால், நம் ஒற்றைக்கொம்பு போல் முன்னே வரவேண்டிய குறி இடம் மாறி முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பர்மியம் தெரியாதவருக்கு அது பர்மியம் மாதிரியேதான் தெரியும்.

சீனத்துக்கு வேறொரு பொறி. எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் கணினி வெறும் கட்டத்தைக் காட்டும். தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் கட்டம் வந்தால் உடனே பிடிபட்டுவிடும். சீனத்தில் வெறும் கட்டம் என்பதே ஓர் எழுத்து, மேலே சொன்ன அதே 'வாய்'. மூன்று கட்டம் வரிசையாக வந்தால் ஏதோ பெரிய வாசகம் என்று நினைத்து அச்சடித்துவிடுவார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சீன எழுத்து என்று பட்டியல் போட்டு, 'உங்கள் பெயர் சீனத்தில்' என்று தரும் படங்களையும் நம்ப வேண்டாம். சீனம் அகரவரிசை எழுத்தே அல்ல. அந்தப் பட்டியலே போலி. பச்சை குத்துகிற கடைகளிலும் உள்ள வியாதி அது. மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கில 'வெல்கம்' அடிக்கும்போதும் கவனம். நன்றி சொன்னவருக்குப் பதிலாகச் சொல்லும் 'வெல்கம்' வந்து விழ வாய்ப்புண்டு. வாசலில் நுழைகிறவரிடம் 'பரவாயில்லை' என்றால் எப்படி இருக்கும்?

அரபு எழுத்தை இந்தப் பட்டறை எடுப்பதில்லை. நல்ல முடிவு. வடிவமைப்பு மென்பொருளில் வலமிருந்து இடம் எழுதும் அமைப்பைப் போடாமல் அரபை ஒட்டினால் எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாகப் பிரிந்து தலைமாறி வரும். தெரியாமல் புனிதச் சொல் ஏதாவது காலடிக்குப் போய்விட்டால் அது வேறு வம்பு.

இவ்வளவுக்குப் பிறகும் செய்யச் சொல்ல விரும்பினால், முதலில் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தையும் அது வரப்போகும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். 'இது என்ன எழுத்து' என்று மட்டும் கேட்டால் பொருள்தான் கிடைக்கும், பொருத்தம் கிடைக்காது. எழுத்தைக் கோப்பாகக் கொடுக்காமல், படமாக மாற்றி, கல்லின் உண்மை அளவில் பட்டர் பேப்பரில் அச்சடித்துக் கொடுங்கள். அதைக் கண்ணாடித் தட்டின் அடியில், அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் தாளின் வழியே எழுத்து திரும்பித் தெரியும். "அண்ணே, கீழே தெரியிற மாதிரியே அச்சை வைங்க" என்றால் முடிந்தது, வேறு விளக்கம் வேண்டாம். ஒரு கல்லை முன்கூட்டி வார்த்து, படம் எடுத்து, அந்த மொழிக்காரருக்கு அனுப்பி, சரி என்ற பதில் வந்தபின் மீதியை ஊற்றட்டும். கண்ணாடி கழற்றப் பல நாள் ஆகும், பொறுங்கள். முதுகில் அம்புக்குறி கேளுங்கள். சுவரில் மட்டும் பதியுங்கள். நாமே எழுத்துள்ள தாள் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள்.

விலை சாதாரணப் பூக்கல்லைப் போல் ஒன்றரை மடங்கு, அச்சுக்கூலி தனி. பூக்கல்லாகக் கேட்டால் இந்தப் பட்டறையை யோசிக்காமல் சொல்வோம். எழுத்தில் இரட்டை மகிழ்ச்சியை மட்டும் இப்போதே வாங்கலாம். வட்ட ஷோவை அச்சைத் திருப்பி, கரையைக் குறைத்து வார்க்கச் சொல்லி வாங்கலாம். ஃபூவையும் மிங்கலாபாவையும் எட்டங்குலத்தில் எடுக்காதீர்கள்.

பழைய வளவுகளில் ஜப்பான் டைல்ஸ் பதித்த சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த கல் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் செய்த நாட்டின் பெயர் முதுகில் புடைப்பாக இருக்கும். முகத்தில் பூவும் மயிலும்தான். முகப்பில் எழுத்து போட வேண்டும் என்று தோன்றியபோது அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரின் முதலெழுத்துகளைத்தான் போட்டார்கள். அந்த மூன்று நான்கு முதலெழுத்துகளை யாராவது வெளியூர்க்காரர் அழகாக இருக்கிறதென்று படம் பிடித்துத் தன் கடைப் பையில் அடித்தால் நமக்கு எப்படிச் சுருக்கென்று இருக்குமோ, சீன விருந்தாளிக்கும் அப்படித்தான் இருக்கும். என்ன, அவர் நாகரிகம் கருதி வாய் திறக்க மாட்டார்.

திரும்பிய ஃபூவை ஏற்கெனவே பதித்துவிட்டீர்களா? இடிக்க வேண்டாம், கல் நல்ல கல். எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி ஒன்றை மாட்டுங்கள், அதில் நேராகத் தெரியும்.