கேதர், செமஃபோர், க்யூ: 40,000 கன்டெய்னரை வரிசையில் விட எது தோது?

டர்பனில் ஒரு சின்ன சரக்குப் போக்குவரத்து ஆபீஸில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வந்து போகும் கன்டெய்னர்கள் இப்போது எங்கே நிற்கின்றன என்று கப்பல் நிறுவனங்களின் ஏபிஐகளைக் (நிரலுக்கு நிரல் தகவல் கேட்கும் வாசல்கள்) கேட்டு வாங்கி வைப்பதுதான் என் பைதான் நிரலின் வேலை. ஒரு சுற்றுக்குச் சுமார் 40,000 எண்கள், எண்ணுக்கு ஓர் அழைப்பு. முக்கால்வாசி நேரம் பதிலுக்காகக் காத்துக் கிடப்பதுதான் என்பதால் ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே மற்றதைக் கவனிக்கிற பைதான் நூலகமான அசிங்க்ஐஓ பொருத்தம். த்ரெட்டா அசிங்க்கா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. இத்தனை டாஸ்க்கை (அசிங்க்ஐஓ ஓட்டுகிற தனித்தனி வேலைகளை) எப்படி வரிசையில் விடுவது என்பதுதான் என் தலைவலி. கேதர், செமஃபோர், க்யூ என்று அதிலுள்ள மூன்று வழியிலும் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுக் க்யூவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் கேதர். பட்டியலைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டு, முடிவுகளைக் கொடுத்த வரிசையிலேயே திருப்பித் தரும். ஒரே வரி. நூறு இருநூறு அழைப்புக்கு இதைவிட்டு வேறெதையும் தேட வேண்டாம். 40,000-க்கு ஓட்டியபோது பாதிக்கு மேல் டைம்அவுட். எதிர்ப்பக்கம் மெதுவாக இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தோம். கோளாறு எங்கள் பக்கம்தான். அழைப்புகளை அனுப்ப நாங்கள் பயன்படுத்தும் ஏஐஓஹெச்டிடிபி நூலகம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரே சமயம் 100 இணைப்புகளைத்தான் திறக்கும். ஓர் அழைப்புக்கு மொத்தம் 5 நிமிடம் கெடு. இணைப்பு காலியாகும்வரை காத்திருக்கும் நேரமும் அந்தக் கெடுவுக்குள்தான் சேரும். 40,000 பேருக்கும் ஒரே நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? பின்னால் நின்றவர்கள் எங்கள் கணினியை விட்டு வெளியே கால் வைக்காமலே காலாவதியானார்கள்.

நூறு நூறாகப் பிரித்துக் கேதரில் விடலாமே என்று அடுத்த யோசனை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி. நூறு பேர் உட்கார்ந்து, நூறு பேரும் எழுந்து, இலையெடுத்த பிறகுதான் அடுத்த பந்தி. ஒரு தாத்தா மோர்சாதத்தை நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரே ஒரு அழைப்பு 20 நொடி இழுத்தால் மற்ற 99 இடமும் சும்மா கிடக்கும். அம்கேனி ரோடு கோயிலில் காவடியன்று சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசை அப்படி இல்லை. ஒருவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தால் அடுத்தவர் முன்னால் வருவார், யாரும் யார் சாப்பிட்டு முடிப்பதற்கும் காத்திருக்க வேண்டாம். செமஃபோரும் க்யூவும் இந்த ஜாதி.

செமஃபோர் என்பது வாசலில் நிற்கிற காவலாளி. உள்ளே இருபது பேர், அதற்கு மேல் ஆள் வந்தால் வெளியே நிற்க வேண்டும். இருக்கிற கேதர் நிரலில் இரண்டு வரி சேர்த்தால் போதும், பந்திப் பிரச்சினையும் தீரும், கெடுப் பிரச்சினையும் தீரும். வாசலைத் தாண்டிய பிறகுதானே கடிகாரம் ஓடும்! கப்பல் நிறுவனத்துக்கு ஒன்று என்று தனித்தனி செமஃபோர் வைத்துவிட்டால், ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றவற்றின் வேலை நிற்காது. இந்த ஓர் இடத்தில் க்யூவைவிட இது சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறை என்னவென்றால் 40,000 டாஸ்க்கும் முதலிலேயே உருவாகி வாசலில் நிற்கும். அந்த அளவுக்கு நினைவகம் ஒன்றும் தள்ளாடவில்லை. பல லட்சம் வரிகள் உள்ள கோப்பைப் படித்துக்கொண்டே அனுப்புகிறவர்களுக்குத்தான் அது உறைக்கும். ஆறு மாதம் இதிலேயே ஓட்டினேன், நிரல் சரியாகவே இருந்தது. மாற்ற வைத்தது பராமரிப்பு.

நடந்தது இது. எங்களோடு வேலை பார்க்கிற சாட்ஸ்வொர்த் பகுதித் தம்பி ஒருவன் ராத்திரி ஷிஃப்டில் இருப்பான். பாட்டியிடம் கேட்ட அரைகுறைத் தமிழ். "அண்ணா, ஒண்ணும் நகரல" என்று போன் வரும். எது நகரவில்லை? கப்பல் நிறுவனமா, எங்கள் தரவுத்தளமா, நெட்டா? செமஃபோரைக் கேட்டால் நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். வேலை இருக்கும்வரை அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். அரைத்தூக்கத்தில் லாக் (நிரலின் பதிவேடு) முழுக்கப் படித்துத்தான் ஊகிக்க வேண்டும்.

க்யூ என்பது ஒருவர் போட, இன்னொருவர் எடுக்கிற வரிசை. அதில் வேலை மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு டாஸ்க் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து முதல் க்யூவில் போடும். இருபது வொர்க்கர்கள் (அவர்களும் டாஸ்க்குகள்தான்) அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அழைப்பார்கள், பதிலை இரண்டாவது க்யூவில் போடுவார்கள். இன்னொரு டாஸ்க் அதை எடுத்துத் தரவுத்தளத்தில் எழுதும். இரண்டு க்யூவுக்கும் மேக்ஸ்சைஸ், அதாவது உச்ச அளவு, 200. அதுதான் சூட்சுமம். நிரம்பிவிட்டால் போடுகிறவர் இடம் காலியாகும்வரை தானாகக் காத்திருப்பார். மேக்ஸ்சைஸ் கொடுக்காவிட்டால் க்யூவுக்கு எல்லையே கிடையாது, அப்புறம் 40,000-மும் அதற்குள் போய் உட்காரும், செமஃபோரிலேயே இருந்திருக்கலாம்.

இப்போது முப்பது நொடிக்கு ஒருமுறை இரண்டு க்யூவின் க்யூசைஸையும் (அந்த நேரம் உள்ளே எத்தனை இருக்கிறது என்ற எண்) லாகில் எழுதுகிறேன். இரண்டே எண்கள். முதல் க்யூ 200, இரண்டாவது 0 என்றால் கப்பல் நிறுவனம் இழுக்கிறது, நாம் செய்ய ஒன்றுமில்லை, தூங்கலாம். இரண்டும் 200 என்றால் எங்கள் தரவுத்தளத்தில் அடைப்பு. இரண்டும் 0 என்றால் ஒன்று வேலை முடிந்துவிட்டது, இல்லையென்றால் எண்களை எடுக்கிற டாஸ்க் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. தம்பி இப்போதெல்லாம் போனில் "அண்ணா, இருநூறு-சைபர்" என்கிறான். "விடு, காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். இதே எண்களைச் செமஃபோரிலும் கையால் எண்ணி எடுக்கலாம்தான். ஆனால் க்யூவில் அவை சும்மா கிடைக்கின்றன.

க்யூவுக்கும் பொறிகள் உண்டு. வொர்க்கர் நடுவில் பிழையில் விழுந்து 'எடுத்த வேலை முடிந்தது' என்று சொல்லும் டாஸ்க்டன்னைக் கூப்பிடாமல் போனால், எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் ஜாயின் அந்த ஒரு கணக்குக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலிப் பகுதியில் டாஸ்க்டன்னைப் போட்டுவிடுங்கள். எல்லா வொர்க்கரும் செத்துவிட்டால், நிரம்பிய க்யூவின் முன்னால் போடுகிறவர் சிலையாக நிற்பார், பிழைச்செய்தி ஒன்றும் வராது. இதற்கு மருந்து, 2022 அக்டோபரில் பைதான் 3.11-இல் வந்த டாஸ்க்குரூப். எல்லோரையும் அதற்குள் கிளப்பினால், யாராவது கவனிக்காத பிழையில் விழுந்தால் மற்றவர்களையும் ரத்து செய்துவிட்டுக் கத்தும். கேதர் நேர் எதிர். முதல் பிழையை நம் கையில் கொடுத்துவிட்டு, மற்ற டாஸ்க்குகளை அவை பாட்டுக்கு ஓட விட்டுவிடும். ஆனால் 404 ('அப்படி ஒன்று இல்லை' என்ற பதில்) மாதிரி சாதாரணப் பிழைகளை வொர்க்கருக்குள்ளேயே பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு தப்பான கன்டெய்னர் எண் சுற்றையே கவிழ்த்துவிடும். அதையும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தாயிற்று. வேலை முடிந்ததென்று வொர்க்கர்களுக்குச் சொல்ல ஆளுக்கொரு நன் (பைதானில் 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு) க்யூவில் போடுவது பழைய வழக்கம். 3.13-இல் க்யூவையே மூடுகிற ஷட்டவுன் வந்துவிட்டது, நான் இன்னும் நன்னில்தான் இருக்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான குறை, எல்லாமே நினைவகத்தில்தான் இருக்கின்றன. 2023-இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்துத்தான் டீ போடுவோம். யுபிஎஸ் கைவிட்டால் க்யூவில் இருந்தது போச்சு. வேலை வரிசையைத் தனியாக வைத்திருக்கும் ரெடிஸ் என்ற சேமிப்பை நடுவில் வைத்து, அதிலிருந்து வேலைகளை எடுத்து ஓட்டும் செலரியில் விடலாம் என்றார்கள். இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். எங்களுக்கு அதன் சம்ரட்சணையே ஒரு தனி வேலையாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதப் பழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல கணினிகளில் வேலையைப் பிரிப்பவர்கள் அதை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்களுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணையில் 'கடைசியாகக் கேட்ட நேரம்' என்று ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. கரண்டு வந்ததும் பழைய நேரம் உள்ளவற்றை மட்டும் எடுத்து மறுபடி க்யூவில் போடும். ஒரே கன்டெய்னரை இரண்டு முறை கேட்டாலும் நஷ்டமில்லை. பணம் அனுப்புகிற வேலையாக இருந்தால் இந்தத் துணிச்சல் எனக்கு வராது.

காலை ஏழு மணிக்கு எட்டுக் கப்பல் நிறுவனங்களின் வருகை அட்டவணையை இழுக்கிற ஸ்க்ரிப்ட் ஒன்று ஆபீஸில் இருக்கிறது. எட்டே அழைப்பு. அது இன்னும் கேதரில்தான் ஓடுகிறது, நான் தொடவில்லை.