ஆறு குட்டித் தூக்கமா, ஒரு முழு ராத்திரியா?

ராத்திரித் தூக்கத்தை இருபது இருபது நிமிடமாகப் பிரித்து, மிச்சமாகும் நேரத்தில் படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்ற ஆசை போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும் வராமல் இருக்காது. இதில் இரண்டு முறைகள் பிரபலம். ஊபர்மேன் என்பது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம். நாளுக்கு ஆறு தடவை, மொத்தமே 2 மணி நேரம். எவ்ரிமேனில் இரவு மூன்று, மூன்றரை மணி நேரம் தூங்கி, அப்புறம் மூன்று குட்டித் தூக்கம் போட வேண்டும். எவ்ரிமேனைச் சில வாரங்கள் கடைப்பிடித்தேன். ஊபர்மேன் பக்கம் போனதில்லை. அதைப் பற்றிப் படித்தது மட்டும்தான். இப்போது ராத்திரி ஏழு மணி நேரம், மதியம் 20 நிமிடம். என் ஓட்டு இதற்கே.

மிச்சமாகும் நேரத்தைப் பார்த்தால் குட்டித் தூக்கம்தான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. உடம்பைக் கேட்டால் கதை வேறு. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது, கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. இருபது நிமிடத்தில் இரண்டுமே சரியாகக் கிடைக்காது. அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய நிபுணர் குழுவும் 2021-இல், இந்த முறைகளால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. எவ்ரிமேனில் கடிகாரம்தான் முதலாளி. இரவு ஒன்பதுக்குப் படுத்துப் பன்னிரண்டரைக்கு எழுந்தால், விடிகாலை நான்கு, காலை எட்டு, மதியம் இரண்டரை என்று மூன்று தூக்கமும் நேரம் தவறக் கூடாது. காலை எட்டு மணிக்கு எந்த வீடு அமைதியாக இருக்கிறது? பாயை விரித்து, அலாரம் வைத்து, கண் அசரும்போது மிக்ஸி ஓடும். அது நின்றதும் வாசலில் "அண்ணா, தண்ணி கேன்!" அந்த ஒரு தூக்கம் போனால் மதியம் வரை வாசித்த வரியையே திரும்ப வாசிக்க வேண்டியதுதான். மாலை காப்பியையும் விட வேண்டும். குடித்தால் ஒன்பது மணிக்குத் தூக்கம் வராது. கல்யாண வரவேற்பு, ஊர்ப் பயணம், நீண்டுபோகும் மீட்டிங் எதற்கும் இதில் இடமில்லை. ராத்திரித் தூக்கம் அப்படிக் கறாராக இருப்பதில்லை. ஒருநாள் ஒரு மணிக்குப் படுத்தாலும் மறுநாள் சீக்கிரம் படுத்துச் சமாளித்துவிடலாம்.

"பழகிடுச்சு" என்ற எண்ணத்தையும் நம்ப முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஆறு மணி நேரம் தூங்கியவர்களுக்கோ லேசான அசதிதான் தெரிந்தது.

தனியாகக் கடல் கடக்கும் பாய்மரப் படகோட்டிகளுக்குத் துண்டுத் தூக்கம் தேவை. படகை நீண்ட நேரம் கவனிக்காமல் விட முடியாது. நைட் ஷிப்ட்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, அவர்களுக்கு இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

மதியத் தூக்கத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை. மூன்று மணிக்குள், அலாரம் வைத்து 20 நிமிடம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து, தலை கனத்துப்போகும். எவ்ரிமேனை முயன்றுதான் பார்ப்பேன் என்கிறவர்கள், அந்த வாரங்களில் தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.