மிம்ரிங்கை வீழ்த்த யார்? டிரேக்கா, சிவாரிஸா?

ஹீரோஸ்கேப் என்ற போர்ப் பலகை விளையாட்டில் 2004இல் வந்த முதல் பெட்டியிலேயே அரக்கர்களும் உண்டு, அவர்களை வேட்டையாடும் ஆட்களும் உண்டு. மிம்ரிங் என்ற டிராகனைப் படையில் சேர்க்க 150 புள்ளி ஆகும். அதன்மேல் யாரை ஏவலாம்? என் கணக்கில் இருவர்தான்: 110 புள்ளிக்கு சார்ஜென்ட் டிரேக் அலெக்சாண்டர், 100 புள்ளிக்கு வில்லாளி சிவாரிஸ்.

அட்டையைப் பார்த்ததும் மனம் டிரேக்கிடம்தான் போகும். தாக்க 6 பகடை. பகடையின் மூன்று முகங்களில் மண்டையோடு (அடி), இரண்டில் கேடயம் (தடுப்பு), ஒன்று வெறுமை. மிம்ரிங்கின் தற்காப்பு 3 பகடை என்பதால் டிரேக்கின் ஓர் அடிக்குச் சராசரியாக 2 காயம் விழும். மிம்ரிங்கின் உயிர் 5, ஆக மூன்று அடியில் கதை முடியும். சிவாரிஸ் ஒரே முறையில் இரண்டு அம்பு விடுவார். ஆனால் அம்புக்கு 3 பகடைதான். இரண்டும் சேர்ந்து 1.5 காயம்.

மேட்டில் ஏறினால் கணக்கு மாறும். உயரத்தில் நிற்பவருக்கு ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு பகடை கூடுதல். டிரேக்குக்கு அது ஒரு தடவை கிடைக்கிறது, சிவாரிஸுக்கு இரண்டு தடவை. டிரேக் 2.5 என்றால் சிவாரிஸ் 2.3 காயத்துக்கு வந்துவிடுகிறார். 10 புள்ளி மிச்சமும் ஆகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், டிராகன் பறக்கும். டிரேக்கின் வீச்சு 1, பக்கத்தில் போனால்தான் அடிக்க முடியும். அவர் ஒரு முறைக்கு 5 கட்டம் நடப்பார், மிம்ரிங் 6 கட்டம் பறக்கும். டிரேக்குக்குத் தொரியன் வேகம் என்ற சிறப்புச் சக்தி இருக்கிறதே என்பார்கள். அது தூரத்திலிருந்து வரும் சாதாரணத் தாக்குதலைத்தான் தடுக்கும். மிம்ரிங் 8 கட்டத்துக்கு நேர்கோட்டில் உமிழும் தீயோ சிறப்புத் தாக்குதல். டிரேக்கை அது தாராளமாகச் சுடும். சிவாரிஸின் வீச்சு 9. ஐந்து நடந்து ஒன்பது எய்தால் 14 கட்டம். ஆறு பறந்து எட்டு உமிழ்ந்தாலும் அதே 14. டிராகனுக்குச் சமமாகப் பதில் சொல்லக்கூடியவர் இவர்தான்.

அவருடைய பலவீனம் உடம்பு. உயிர் 4, தற்காப்பு 2 பகடை. மூன்று முறை தீ பட்டால் ஆள் காலி. அதனால் அவரைத் தனியாக அனுப்பவே கூடாது. தோழர்களுக்கு 2 தற்காப்புப் பகடை கூட்டித் தரும் 80 புள்ளி வீராங்கனை ரேலினை 4 கட்டத்துக்குள், பார்வை மறையாத இடத்தில் நிறுத்தினால் தற்காப்பு 4 பகடையாகிவிடும்.

எதிரே அதே பெட்டியின் இன்னோர் அரக்கனான கிரிம்னாக் நின்றால்? அதன் தற்காப்பு 4, அம்பு அவ்வளவாக ஏறாது. டிரேக்கின் அடி அங்கே 1.8, சிவாரிஸுடையது 1.2. ஆனால் பக்கத்தில் நிற்கும் நாயகனை 20 முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கிரிம்னாக் விழுங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு வாய்ப்பு. 110 புள்ளியை அப்படிப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

மேடே இல்லாத தட்டையான களமாக இருந்து, எதிரியும் தானாக நெருங்கி வருகிறவர் என்றால் டிரேக்கை எடுங்கள். மற்றபடி சிவாரிஸ், கூடவே ரேலின்: 180 புள்ளி.