சோல்யா: சார்புகளைத் தோராயப்படுத்தும் மென்பொருளுடன் நெடுநாள் அனுபவம்

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் மோட்டார் டிரைவ் போர்டுகளுக்கு நிரல் எழுதும் வேலையில் சோல்யா மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சைன், மடக்கை போன்ற சார்புகளை மைக்ரோகன்ட்ரோலரில் கணக்கிடப் பல்லுறுப்புக் கோவை தேடுவோருக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ஏனெனில், கோவையைத் தருவதோடு நிற்காமல், அது அதிகபட்சம் எவ்வளவு தவறும் என்பதற்கு நிரூபிக்கப்பட்ட எல்லையையும் இது தருகிறது. இங்குள்ள லேத் பட்டறைகளில் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு விலகலாம் என்ற அளவு, குறிக்காத வரைபடத்தை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். நிரலில் வரும் சார்புக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

சைன் சார்பை −90 முதல் +90 பாகை வரை ஐந்தாம் படிக் கோவையால் குறிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியைச் சுற்றிச் சார்பை அடுக்குகளின் கூட்டலாக விரிக்கும் டெய்லர் தொடரை அந்தப் படியில் நிறுத்தினால், பூச்சியத்தின் அருகே மிக நன்றாக இருக்கும். 90 பாகையில் பிழை 0.0045ஐத் தொட்டுவிடும். அதே படியில் சோல்யாவின் ரெமெஸ் கட்டளை தரும் கோவையின் பெரும் பிழை ஏறத்தாழ 0.000068 மட்டுமே. ஒரு பெருக்கல்கூடக் கூடாமல் பிழை அறுபது மடங்குக்கு மேல் குறைகிறது. 1934இல் கணிதர் ரெமெஸ் வெளியிட்ட இம்முறை, பிழையை ஓரிடத்தில் குவியவிடாமல் இடைவெளி முழுவதும் பரப்பி, மேடும் பள்ளமும் ஒரே அளவில் மாறி மாறி வரும்வரை கெழுக்களைத் திருத்திக்கொண்டே போகிறது. பிழை வளைவை வரைந்தால், 0 முதல் 90 பாகைக்குள் அது நான்கு இடங்களில் உச்சத்தைத் தொடுவதைக் காணலாம். அப்படி அமைந்தபின் அந்தப் படியில் அதைவிடச் சிறந்த கோவை கிடையாது என்பது செபிஷேவ் பெயரால் அறியப்படும் தேற்றம்.

எந்தப் படியில் நிறுத்துவது என்பதையும் இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. ஏழாம் படியில் பிழை சுமார் 0.00000059, ஒன்பதாம் படியில் 0.0000000033. 32 பிட் மிதவைப் புள்ளி (float) எண்களில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த எண்களின் இடைவெளியே 0.00000006 என்பதால், அதற்கு மேல் படியைக் கூட்டுவது வீண். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏ.டி.சி. பிரித்தறியும் மிகச் சிறிய அளவே முழு அளவில் 0.00024 என்னும்போது, எங்கள் டிரைவுக்கு ஐந்தாம் படி தாராளம்.

சோல்யாவில் நான் மிகவும் மதிப்பது எஃப்பி-மினிமேக்ஸ் (fpminimax) கட்டளையை. ரெமெஸ் தரும் கெழுக்களை புள்ளிக்குப் பின் 15 பிட்டுகள் மட்டும் இருக்கும்படி தனித்தனியே முழுமைப்படுத்தினால், மோசமான நிலையில் அதனால் மட்டுமே 0.00023 வரை பிழை சேரும்; கோவையின் சொந்தப் பிழையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். இந்தக் கட்டளையோ, போர்டில் எழுதக்கூடிய எண்களுக்குள்ளேயே நல்ல கெழுக்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி தேடித் தருகிறது.

பிழையை அளக்க இரண்டு கட்டளைகள் உண்டு. டர்ட்டி-இன்ஃப்நார்ம் (dirtyinfnorm) விரைவான மதிப்பீட்டைத் தரும். அதற்கு உத்தரவாதம் இல்லை. சுப்நார்ம் (supnorm) தருவது, உண்மையான பெரும் பிழை எந்த இரு எண்களுக்கு இடையில் உள்ளது என்ற நிரூபிக்கப்பட்ட எல்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஆவணத்தில் இரண்டாவதை மட்டுமே எழுதுகிறேன். விடுபட்ட பகுதியைக் கணக்கில் கொள்ளும் இந்த அக்கறை, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்தில், சங்கமகிராமத்து மாதவன் என்ற கணிதர் வழிவந்த கணிதர்களிடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. வட்டத்தின் பை (π) மதிப்புக்கான அவர்களது தொடரில் 10 உறுப்புகளை மட்டும் கூட்டினால் 3.0418 வரும், அவர்கள் வகுத்த திருத்த உறுப்பைச் சேர்த்தால் 3.1415927 கிடைக்கும்.

குறைகளும் உண்டு. எல்லாமே கட்டளை வரியில்தான். வளைவு வரைய க்னூபிளாட் என்ற மென்பொருள் தனியாக வேண்டும். விண்டோஸ் மட்டுமே பழகிய புதியவர்களுக்கு நிறுவுவதே சிரமம். ஆவணங்கள் துல்லியமானவை என்றாலும், எண்சார் பகுப்பாய்வு படித்திராதவருக்குக் கடினம்.

வாங்குவதற்குச் செலவில்லை என்பதால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்: சுப்நார்ம் எல்லை, கோவைக்கும் சார்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே காட்டும். போர்டில் ஒவ்வொரு பெருக்கலும் கூட்டலும் முடிந்தபின் நிகழும் முழுமைப்படுத்தல் அதில் சேராது. அதற்குக் காப்பா என்ற மென்பொருளில் தனியே எல்லை கண்டு, இரண்டையும் கூட்டித்தான் மொத்தப் பிழை எழுத வேண்டும்.