ப்ரொமிதியஸ், இன்ஃப்ளக்ஸ்டிபி, டைம்ஸ்கேல்டிபி: லைன் போனால் எது தாங்கும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட். 500 சென்சார்கள், 10 வினாடிக்கு ஒரு ரீடிங் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 43.2 லட்சம் வரிசைகள். நேரவாரியான டேட்டாவைச் சேமிக்கும் இந்த மூன்று டேட்டாபேஸ்களில் எதுவும் இதை எழுதத் திணறாது. வேகப்பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் இல்லை. எனவே முதலில் கேட்க வேண்டியது: எட்டு மணி நேரம் இணைய லைன் இல்லாவிட்டால், அந்த ரீடிங்குகள் பிறகு உள்ளே வருமா?

ப்ரொமிதியஸ் தானே போய் மதிப்பை எடுத்து வரும். கிளவுடில் இருந்து எடுத்தால், லைன் இல்லாத நேரம் நிரந்தர ஓட்டைதான். யூனிட்டுக்குள்ளேயே நிறுவி, ரிமோட் ரைட் என்ற வசதியில் வெளி சர்வருக்கு அனுப்பலாம். ஆனால் மறுமுனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் அனுப்பாதது போய்விடும். எதையும் மாற்றாவிட்டால் 15 நாள் டேட்டாதான் வைத்திருக்கும். சர்வர்களைக் கண்காணிக்க அருமையான கருவி, ஒரு மதிப்புக்கு 1 முதல் 2 பைட்தான் பிடிக்கும். உற்பத்திப் பதிவேடாக மட்டும் வேண்டாம்.

இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு நாம் அனுப்ப வேண்டும். அதே டேக் (சென்சார் பெயர் போன்ற அடையாளம்), அதே நேரத்தோடு ஒரு ரீடிங் மறுபடி வந்தால் பழையதன் மேல் எழுதிக்கொள்ளும். இரட்டைப் பதிவுத் தொல்லை இல்லை. கவனிக்க வேண்டியது, ரீடிங்குகளைத் திரட்டி இதற்கு அனுப்பும் டெலிகிராஃப் மென்பொருள். அனுப்பும் வரை பிடித்து வைக்கும் அதன் பஃபர் இயல்பாக 10,000 பதிவுகள். வினாடிக்கு 50 ரீடிங் வந்தால் 200 வினாடியில் நிரம்பி, பழையவற்றைக் கீழே தள்ளிவிடும். எட்டு மணி நேரத்துக்கு 14.4 லட்சம் வேண்டும். இயல்பாக மெமரியில் இருப்பதால், கேட்வே (சென்சார்களை இணையத்தோடு இணைக்கும் கணினி) ரீபூட் ஆனால் அதுவும் காலி, யுபிஎஸ் அவசியம். சொந்த ஸ்கிரிப்டில் அனுப்புபவர்கள் நேர அலகைக் குறிப்பிடுங்கள்: 1.x, 2.x பதிப்புகளில் இயல்பு நானோ வினாடி, வினாடிக் கணக்கை அப்படியே தந்தால் ரீடிங் 1970 ஜனவரி 1-இல் போய் உட்காரும். அதே பதிப்புகளில், ஓயாமல் மாறும் பேட்ச் எண்ணை டேக்காக வைத்தால் இண்டெக்ஸ் வீங்கி மெமரியைத் தின்னும்.

டைம்ஸ்கேல்டிபி என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் எக்ஸ்டென்ஷன். ஷிஃப்ட் அட்டவணை, மெஷின் பட்டியல் எல்லாவற்றோடும் ஜாயின் போடலாம். அதற்காகவே இந்த யூனிட்டுக்கு எங்கள் தேர்வு இது. அதற்குக் கொடுக்கும் விலை, டிஸ்க் இடம்: சுருக்காத ஒரு வரிசை சுமார் 52 பைட், இண்டெக்ஸ் நீங்கலாக நாளுக்கு 225 எம்பி. பழையதைத் தானாகச் சுருக்கும் கம்ப்ரெஷன் பாலிசி போட்டே ஆக வேண்டும். பழைய டேட்டாவை டெலீட்டால் அழிக்காதீர்கள், இடம் உடனே திரும்பாது. முழு சங்க்காக (டேபிளை நேரவாரியாகப் பிரித்த துண்டு) டிராப் செய்யுங்கள். தாமத டேட்டாவில் இரண்டு பிழைகள் வழக்கம். நேரமும் சென்சார் ஐடியும் சேர்ந்த யுனிக் இண்டெக்ஸ் இல்லாமல், கேட்வே மறுபடி அனுப்பியவை இரட்டிப்பது ஒன்று. சராசரிகளைத் தானாகக் கணக்கிட்டு வைக்கும் கன்டினியூவஸ் அக்ரிகேட்டின் ஸ்டார்ட் ஆஃப்செட்டை (எவ்வளவு பின்னோக்கிப் போய்ப் புதுப்பிக்கும் என்பதை) மூன்று மணி நேரமாக வைப்பது மற்றொன்று: எட்டு மணி நேரம் கழித்து வந்த ரீடிங் டேபிளில் இருக்கும், மணிக்கணக்குச் சராசரியில் இருக்காது. மூன்று நாளாக வையுங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. யுடிசி (உலகப் பொது நேரம்) நாள் நமக்குக் காலை 5:30-க்குத் தொடங்குகிறது. 6 மணி ஷிஃப்டுக்கு ஒட்டி வருவதால் அறிக்கை சரியாகவே தோன்றும், அரை மணி உற்பத்தி தினமும் தப்பான நாளில் விழும். டைம்ஸ்கேலில், நேரத்தை நாள், மணி என்று பிரிக்கும் டைம் பக்கெட்டுக்கு ‘ஏசியா/கொல்கத்தா’ கொடுத்துவிட்டு, தொடக்கத்தை 6 மணிக்கு நகர்த்த வேண்டும். ப்ரொமிதியஸ் முழுக்க யுடிசியில்தான் கணக்கிடும். அதில் இந்த நேர வித்தியாசத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியதுதான்.