மூன்று வகுப்புக்கு ஒரு முட்டை: வீட்டில் அறிவியல் நடத்திய நான்கு வருடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. பெரியவள் இப்போது பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள், நடுவில் உள்ள பையன் எட்டு, சின்னவள் நான்கு. தமிழும் கணக்கும் எப்படியோ ஓடிவிடும். என்னைப் படுத்தியது அறிவியல்தான்.

முதல் ஆறு மாதம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணை போட்டேன். பெரியவளுக்குக் காந்தம், பையனுக்கு உணவு, சின்னவளுக்குப் பறவை. மதியம் சோறு வடிக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும். சரிப்படவில்லை.

அப்புறம் பாடநூல் கழகத்துப் புத்தகங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆறாம் வகுப்பில் அளவீடுகள், ஏழில் அளவீட்டியல், ஒன்பதில் மறுபடி அளவீடு. விசையும் இப்படித்தான், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறும். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு விஷயத்தை எடுத்து, பொருளை நடுவில் வைத்து, அவரவர் புத்தகத்தில் அவரவர் பக்கத்தைத் திறந்தால் என்ன என்று தோன்றியது. மாதத்துக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டேன். எந்த வகுப்புப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் செலவு இல்லை. பையனுக்கு அலுப்பாக இருக்கும் நாளில் அக்காவின் புத்தகத்தை எட்டிப் பார்ப்பான், அதுவும் நல்லதுக்குத்தான்.

இந்த முறைக்கு எங்கள் வீட்டில் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கோழிமுட்டை. போன வருடம், பெரியவள் ஒன்பது, பையன் ஏழு, சின்னவள் மூன்றில் இருந்தபோது நடந்தது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. நாம் கடலோரத்தில் இருக்கிறோமே, உப்பை எதற்கு வீணாக்க வேண்டும் என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வாளியில் கடல் தண்ணீரே எடுத்து வந்தோம். முட்டையை விட்டால் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சின்னவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பையன் விடவில்லை. "கெடிலம் வந்து கலக்குற இடத்துல எடுத்துட்டோம்மா, அதான் உப்பு கம்மி" என்றான். நியாயமான சந்தேகம். அடுத்த நாள் முகத்துவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போய் எடுத்து வந்தோம். அப்போதும் மூழ்கியது.

அன்றைக்குத்தான் மூன்று பேரும் ஒரே மேசையில் மூன்று வேலை பார்த்தார்கள். சின்னவள் கரண்டி கரண்டியாகக் கல்லுப்பு போட்டு, எத்தனை என்று சுவரில் கோடு கிழித்தாள். பையன் தளும்பத் தண்ணீர் நிரப்பிய டம்ளரில் முட்டையை இறக்கி, வழிந்ததை அளந்தான்: 52 மில்லி. சமையலறைத் தராசில் முட்டை 56 கிராம். வகுத்தால் ஒரு மில்லிக்கு 1.08 கிராம் வருகிறது. அடர்த்தி என்ற சொல் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து எழுந்து வந்து அவன் கையில் உட்கார்ந்த நேரம் அது. பெரியவள் ஒரு லிட்டர் கடல் தண்ணீரை நிறுத்தாள். பாட்டில் எடை போக 1024 கிராம். முட்டையை விட லேசான தண்ணீர், பிறகு எப்படித் தூக்கும்? அவள் பாய்மங்கள் பாடத்தைத் திறந்து மிதப்பு விசையைக் கணக்குப் போட்டுக் காட்டினாள். லிட்டருக்குச் சுமார் 80 கிராம் உப்பு கூடுதலாகப் போட்ட பிறகுதான் முட்டை மேலே வந்தது.

குறிஞ்சிப்பாடியில் இருந்து வந்திருந்த என் மாமனார் திண்ணையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டை கால் ரூபா காசு அகலத்துக்குத் தலையைக் காட்டுச்சுன்னா போதும்மா. அந்தத் தண்ணியிலதான் விதைநெல்லைக் கொட்டுவோம்" என்றார். பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும், அரித்து எறிந்துவிட வேண்டும். அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசாமல் விட்டால் முளைப்பு கெடும். பிள்ளைகள் தாத்தாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் சமையலைப் பார்க்கப் போனேன்.

மடிக்கும் காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், குட்டைத் தண்ணீர்ப் பாசியைப் பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் குவியம் சரிசெய்யச் சின்னவளுக்குப் பொறுமை இல்லை. போனில் ஒட்டிக் காட்டினால் மூவரும் பார்ப்பார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் கடல் நீர் வடியும் நேரம் பார்த்துப் போங்கள், சேற்றில் இருந்து குச்சி குச்சியாக நிற்கும் மூச்சு வேர்கள் அப்போதுதான் தெரியும்.

இப்போது குறைக்கு வருகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. கையில் எடுத்துப் பார்க்க முடிகிற பாடத்துக்குத்தான் இந்தக் கூட்டு வகுப்பு. அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, மோல் கணக்கு எல்லாம் வந்தால் படுத்துவிடும். ஒன்பதாம் வகுப்பு முழுக்க நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. போதாததற்கு, தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தால் அக்காவுக்குத் தானாகப் பதியும் என்று நம்பி, பாதி வகுப்பை அவள் தலையில் கட்டினேன். ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கு யாரும்மா சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. வேதியியலில் அவள் பின்தங்கியது என் தவறு, அவளுடையது இல்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தில் இருந்து ஆறு, சின்னவள் பாட்டு வகுப்பிலும் பையன் மைதானத்திலும் இருக்கும் நேரம், அவளுக்கு மட்டும். கணக்கும் சமன்பாடும்தான், முட்டை கிட்டை கிடையாது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் இந்த வருடம்தான் பதிந்தோம். செய்முறைக்காகப் படிப்பு மையத்துக்கு அனுப்பினால் கரும்பலகையில் படம் வரைந்து முடித்துவிட்டார்கள். குவிலென்ஸின் குவியத் தூரத்தை வீட்டிலேயே கண்டுபிடித்தாள்: ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தென்னை மரம் எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும் வரை பூதக்கண்ணாடியை நகர்த்தி, ஸ்கேல் வைத்து அளந்தாள். ஆனால் வீட்டில் ஆகாத சோதனைகளுக்கு ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பிள்ளை ஒன்பதைத் தொடுவதற்கு முன்பே அதற்கு வழி பார்த்து வையுங்கள்.

போன வாரம் பையன் வந்து, அக்காவுக்கு மாதிரி தனக்கும் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறான். ஐந்து மணிக்கு மைதானத்தை விட மாட்டானாம். எந்த நேரத்தில் இருந்து எடுப்பது என்று அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.