தமிழ்த் தளத்தில் எழுத்துரு ஏற்ற எந்தக் கருவி?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கோயிலுக்கும் பட்டுக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இணையதளம் செய்து தருபவர்கள், எழுத்துரு என்று வந்தால் கூகுள் ஃபான்ட்ஸ் தரும் வரியை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழுக்கு அதைவிட நல்லது இருக்கிறது என்பேன். கருவியின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதற்குத் தமிழ் எழுத்து சேரும் விதம் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

எழுத்துருக்களைத் தன் சர்வரிலிருந்தே தளங்களுக்குத் தரும் கூகுள் ஃபான்ட்ஸ் 2010இல் வந்தது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், அனெக் தமிழ், நோட்டோ வரிசை என்று தமிழுக்கு நல்ல தேர்வு இருக்கிறது, எல்லாம் இலவசம். ஒரே எழுத்துருவைத் தமிழ், லத்தீன் என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்து, பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் உலாவிக்கு அனுப்புகிறது. ஆனால் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, முற்றுப்புள்ளி, 1 2 3 எண்கள் எல்லாம் லத்தீன் கோப்பில்தான் இருக்கின்றன. அதனால் முழுக்கத் தமிழில் எழுதிய பக்கமும் வழக்கமாக இரண்டு கோப்புகளை இறக்கும். அதற்கு முன் எந்த எழுத்துரு என்று உலாவிக்குச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை ஒரு முகவரியிலிருந்தும், எழுத்துருவை இன்னொரு முகவரியிலிருந்தும் வாங்கியாக வேண்டும். வேதாரண்யம் பக்கம் ஒரு கோடு சிக்னலில் கைபேசி வைத்திருப்பவருக்கு இந்தப் புது இணைப்புகள்தான் தாமதம்.

‘எல்லாத் தளமும் இதையே பயன்படுத்துவதால் உலாவியில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும்’ என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சஃபாரி முன்பே, குரோம் 2020இல், சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. பக்கத்துத் தளம் இறக்கியது உங்கள் தளத்துக்கு உதவாது. வெளிநாட்டு அன்பர்கள் வந்து பார்க்கும் கோயில் தளம் என்றால் இன்னொன்றும் உண்டு: பார்வையாளரின் ஐபி முகவரி அவர் சம்மதமில்லாமல் கூகுளுக்குப் போகிறது என்று 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தக் கவலை மட்டும்தான் என்றால் பார்வையாளர் விவரத்தைச் சேமிக்காமல் அதே எழுத்துருக்களைத் தரும் பன்னி ஃபான்ட்ஸ் சேவை போதும், முகவரியை மாற்றினால் வேலை முடிந்தது.

அடோபி ஃபான்ட்ஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சந்தா கட்ட வேண்டும், கோப்பை நம் சர்வரில் வைக்க முடியாது, சந்தா நின்றால் எழுத்துருவும் நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சிறிய கடைக்கு இது ஒத்துவராது.

அப்புறம் ஃபான்ட் ஸ்கிரல். கோப்பைக் கொடுத்தால் வோஃப்2 ஆக்கித் தரும் இலவசக் கருவி, பயன்படுத்த எளிது. வோஃப்2 என்பது இணையத்துக்காகப் பிராட்லி என்ற முறையில் சுருக்கிய எழுத்துருக் கோப்பு வடிவம். 2018இல் தரமாக அறிவிக்கப்பட்டது, இன்றைய உலாவிகள் எல்லாம் ஏற்கும். ஆனால் இந்தக் கருவியின் வழக்கமான அமைப்பு மேற்கத்திய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். தமிழ் அப்படியே போய்விடும்! கோளாறு கண்ணில் படாது என்பதுதான் கொடுமை. எழுத்து இல்லாத இடத்தில் உலாவி கைபேசியின் சொந்தத் தமிழ் எழுத்தைக் காட்டிவிடும், கடைக்காரரும் அதுதான் நம் எழுத்துரு என்று நினைத்துக்கொள்வார். நிபுணர் அமைப்புக்குப் போய், வெட்ட வேண்டாம் என்றும், எல்லா ஓப்பன்டைப் அம்சங்களையும், அதாவது எழுத்துகள் சேரும் விதிகளையும், வைத்துக்கொள் என்றும் சொன்னால்தான் நம்பலாம்.

அந்த இரண்டாவது சொல்தான் முக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. அதில் எழுத்து நிரம்பியது 72தான். கு, மூ, டி, ஸ்ரீ போன்றவற்றுக்குத் தனி எண் கிடையாது. அவற்றின் வடிவங்கள் எழுத்துருவுக்குள் யூனிகோடு எண் இல்லாமல் இருக்கின்றன. க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் கு-வின் வடிவத்தைப் போடு என்று உள்ளே ஒரு விதி சொல்கிறது. வெட்டும் கருவி எண் உள்ளதை மட்டும் பார்த்து வெட்டினால், க தனியாகவும் குறி தனியாகவும் பிரிந்து நிற்கும்.

இதைச் சரியாகச் செய்வது பைஃப்ட்சப்செட், ஃபான்ட்டூல்ஸ் என்ற பைத்தான் தொகுப்பில் வரும் கருவி. தமிழ் எழுத்துகளின் யூனிகோடு எண்களைக் கொடுத்தால், அவற்றிலிருந்து விதிகள் வழியே எந்தெந்த வடிவங்களுக்குப் போக முடியுமோ அத்தனையையும் தேடிச் சேர்த்துக்கொள்ளும். தமிழ்த் தொகுதி, 1 2 3 எண்கள், நிறுத்தக்குறிகள், ரூபாய்க் குறி ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரே வோஃப்2 கோப்பாக எடுத்து, நம் தளத்திலேயே போட்டுவிடலாம். இரண்டு கோப்பு ஒன்றாகிறது, வெளி முகவரியே இல்லை. கட்டளைவரியில் ஓட்ட வேண்டும், பிராட்லியையும் நிறுவ வேண்டும் என்பது மட்டும்தான் சிரமம்.

நம் பக்கத்துக்கு இது குறிப்பாக உதவும். பழைய பத்திரங்களையும் கணக்குகளையும் தளத்தில் ஏற்றுகிறவர்களுக்கு வேலி, குழி, நன்செய், புன்செய் குறியீடுகள் தேவைப்படும். இவை 2019இல் தமிழ்த் துணைத்தொகுதியாக யூனிகோடில் சேர்ந்தன. வழக்கமான தமிழ்க் கோப்பில் இருக்காது. நோட்டோவில் இதற்கென்றே தனி எழுத்துரு உண்டு. அதிலிருந்து வேண்டிய நாலைந்து குறியீடுகளை மட்டும் பைஃப்ட்சப்செட்டில் வெட்டி எடுத்தால் மிகச் சிறிய கோப்பு போதும்.

எந்தக் கருவியும் தீர்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் வந்த அதே எழுத்து தளத்திலும் வேண்டும் என்று கேட்டு, அச்சகத்தில் இருக்கும் பாமினி வகைக் கோப்பை, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய எழுத்துருவைக் கொண்டுவருவார்கள். அதை வோஃப்2 ஆக்கலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பக்கத்துக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழில் தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் வாசிப்பான் உளறும். முதலில் உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துருவை அப்புறம் பார்க்கலாம்.

கட்டளைவரி வேண்டாம் என்பவர்களுக்கு கூகுள் வெப்ஃபான்ட்ஸ் ஹெல்பர் நல்ல நடுவழி: கூகுள் எழுத்துருவில் தமிழ்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கி நம் சர்வரில் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவியை வைத்து வேலை செய்பவர்களுக்கு ஃபான்ட்சோர்ஸ் அதே வேலையைச் செய்யும். எந்த வழியானாலும், ஏற்றியபின் ‘ஸ்ரீநிவாஸன், க்ஷேத்திரம், கூத்தனூர், கொள்ளிடம், டிசம்பர்’ என்ற வரியைப் பக்கத்தில் போட்டு, உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் எந்த எழுத்துரு உண்மையில் வரைகிறது என்று பாருங்கள். உங்கள் எழுத்துருவின் பெயரோடு விண்டோஸின் சொந்தத் தமிழ் எழுத்துருக்களான லதா, நிர்மலா என்றும் பெயர் வந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது.